பால்மரக் காட்டில் ஒரு பலகைக் குடில்: நிலம் பார்ப்பதிலிருந்து முதல் மழைக்காலம் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய பால்மர (ரப்பர் மர) துண்டு நிலங்களிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரங்களிலும் சிறு குடில்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, தச்சரோடு கூட நின்று கட்டியிருக்கிறேன். கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, அறை எவ்வளவு வைக்கலாம், ஜன்னல் எங்க வைக்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. முதலில் தண்ணீர், அடுத்து வெயில், அடுத்து மரம், அதன் பிறகு கூரை. அறையும் தரையும் கடைசியில். இந்த வரிசையில் போனால் குடில் அந்த இடத்தோடு தானாக ஒட்டிக்கொள்ளும். மாற்றிப் போனால் பிறகு எவ்வளவு செடி வைத்து மறைத்தாலும் ஒட்டாது.

இங்கே எல்லாக் கணக்கும் 12 அடிக்கு 16 அடி குடிலுக்கு. தரையிலிருந்து உயர்ந்து தூண்மேல் நிற்பது, பலகைச் சுவர், தகரக் கூரை.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

50 அடி அளவு நாடா, தண்ணீர் நிரப்பிய 40 அடி டியூப் (மட்டம் பார்க்க), தூக்குக்குண்டு, ரசமட்டம், நைலான் கயிறு, 30 மூங்கில் குச்சிகள், மூன்று நிறத்தில் துணி நாடா, ஒரு பாராங் (வெட்டுக்கத்தி), ஒரு சங்குல் (மண்வெட்டி). கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. இவற்றுக்கும் மேலாக ஒரு மாத அவகாசம் வேண்டும். அந்த மாதத்தில் மரமோ சிமெண்டோ வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் மனசு பொருளின் பின்னால் போய்விடும், நிலத்தைப் பார்க்காது.

1. பட்டாவைப் படியுங்கள்

பட்டாவில் நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா, தொழிலா என்று எழுதியிருக்கும். தோட்ட ஓரத்துத் துண்டு நிலங்கள் பெரும்பாலும் விவசாயம். விவசாய நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பட்டாவிலுள்ள நிபந்தனையை (சியாராட் ஞாத்தா) எடுத்துக்கொண்டு நில அலுவலகத்தில் கேட்டுத் தெளியுங்கள்.

அடுத்து ஊராட்சி. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் (சட்டம் 133) 70ஆம் பிரிவின்படி ஊராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. எங்கள் பக்கத்துக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். "சின்னக் கொட்டாய்தானே" என்று விட்டவர்கள் பிறகு கூரை போட்டும் அனுமதிக்காக அலைந்திருக்கிறார்கள். ஆற்றோர ரிசர்வும் (ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலம்) மின்கம்பித் தடமும் உங்கள் எல்லைக்குள் வருகிறதா என்றும் அதே நடையில் கேட்டுவிடுங்கள்.

2. ஒரு பெருமழைக்காவது நிலத்தில் நில்லுங்கள்

நான் முதன்முதலில் குறித்த இடம் மேட்டில் சமமாக, சருகு மூடி, காய்ந்து கிடந்தது. கண்ணுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த நெரையில் (மர வரிசையில்) 30 வருசம் பால்மரம் சீவிய ஒரு அம்மா மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, அங்க வேணாம்யா. மழ வந்தா மேலேருந்து தண்ணி அந்த வழியாத்தான் எறங்கும். நாங்க பால் பிடிக்கிற மங்கு கழுவுறதே அங்கதான்" என்றார். "காஞ்சுதானே கெடக்கு, பாட்டி?" என்றேன். "காஞ்சப்ப எல்லா எடமும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து மாலை மழையில் அங்கே போய் நின்றேன். சருகுக்கு அடியில் சத்தமில்லாமல் தண்ணீர் கணுக்கால் வரை ஓடியது. மேலே சருகு அசையக்கூட இல்லை.

அதனால் மழையில் நிலத்துக்குப் போங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடிமழை கொட்டும். பார்ப்பதற்கு அதுதான் சரியான காலம். இடி முழங்கும்போது மரத்தடியில் நிற்காமல், மழை சற்று அடங்கியதும் இறங்குங்கள். தண்ணீர் ஓடும் தடத்தில் சிவப்பு நாடா கட்டிய குச்சி, மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் தேங்கி நிற்கும் இடத்தில் மஞ்சள், உடனே வடியும் இடத்தில் பச்சை. குடில் பச்சைக் குச்சிகளுக்குள் அமைய வேண்டும். சிவப்புத் தடத்தை மண் கொட்டி மூடலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வேறு வழி தேடும், பல நேரம் உங்கள் தூண் வழியாக.

மழை கிடைக்காவிட்டாலும் நிலம் அடையாளம் காட்டும். மரத்தின் மேட்டுப் பக்கத்தில் சருகு குவிந்து ஒட்டியிருந்தால் அது ஓடும் வழி. சலித்த மாதிரி மணல் படிந்திருந்தால் அங்கே வேகம் குறைந்து நிற்கிறது. காட்டுச் சேம்பு செழித்திருந்தால் அடியில் எப்போதும் ஈரம்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு ஜேசிபியைக் கூப்பிடுவது. சரிவை வெட்டிச் சமமாக்கினால் வெட்டிய பக்கம் சரியும், கொட்டிய பக்கம் இறங்கும். நடுவில் நிற்கும் குடில் இரண்டு பக்கமும் இழுபடும். மேல்மண்ணும் வேரும் போன பிறகு முதல் மழையிலேயே முற்றம் சேறாகும். சரிவை அப்படியே விடுங்கள். குடிலின் 16 அடிப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போகட்டும். மேட்டுத் தூண் குட்டையாகவும் பள்ளத்துத் தூண் நெட்டையாகவும் இருக்கட்டும். தண்ணீர் அடியில் போகும், பூச்சியும் பாம்பும் போகும், உங்களுக்குத் தொந்தரவில்லை.

3. வெயிலுக்கு ஒரு குச்சி

பச்சைக் குச்சிகளுக்கு நடுவே 6 அடி மூங்கில் ஒன்றை நேராக நட்டு, காலையிலிருந்து மாலை வரை மணிக்கொரு தடவை நிழல் முனையில் கல் வையுங்கள். இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை. கடிகாரம் முந்திப் போவதால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 1.15 ஆகும். அதனால்தான் 5 மணி வெயில் இவ்வளவு சுடுகிறது.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை கூட இல்லை. ஜூனில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். இரண்டுமே உயரத்தில் இருப்பதால் வடக்கு, தெற்குச் சுவர்களை இறவாரமே (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) காத்துவிடும். டிசம்பர் உச்சியில்கூட 4 அடி இறவாரம் 7 அடிக்கு மேல் நிழல் தரும். மேற்குச் சுவர் கதை வேறு. மாலை 4.15 வாக்கில் சூரியன் 45 பாகையில் இருக்கும். 4 அடி இறவாரம் 4 அடிதான் மறைக்கும். 5.15க்கு 30 பாகை, அப்போது வெறும் 2 அடி சொச்சம். மேற்கே இறவாரத்தை மட்டும் நம்பினால் சுவர் சூடேறி உள்ளே சூட்டை விடும்.

ஆகவே நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். 12 அடிக் குறுகிய பக்கம் மட்டும் மாலை வெயிலைப் பார்க்கட்டும், அங்கே அஞ்சடியோ (திறந்த தாழ்வாரம்) சாமான் அறையோ வையுங்கள். சரிவும் வெயிலும் ஒத்துப்போகாத நிலமும் உண்டு. அப்போது சரிவின் பேச்சைக் கேளுங்கள். வெயிலுக்கு மரம் வைத்துச் சமாளிக்கலாம், தண்ணீருக்கு அப்படி ஒரு மருந்து இல்லை.

மாலைக் காட்சிக்காக மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் கேட்பவர்களிடம் ஒரு நாள் 5 மணிக்கு அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வேன். பெரும்பாலோர் நாற்காலியை நகர்த்திவிடுவார்கள்.

4. இருக்க வேண்டிய மரம், விலக வேண்டிய மரம்

நிலத்தை முழுசாக மொட்டையடித்துவிட்டுப் பிறகு நிழலுக்கு மரம் நடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ஆனாலும் எல்லா மரமும் குடிலுக்குத் துணை இல்லை.

முதிர்ந்த பால்மரம் காற்றுக்கு முறியும், அதிலும் பட்டை தீர்ந்து அடியில் காயம் பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலைகளில் சுமத்ரா பக்கமிருந்து புயல் மாதிரி ஒரு வீச்சு வரும், அது மேற்கிலிருந்துதான் அடிக்கும். மேற்கே குடிலை நோக்கிச் சாய்ந்து நிற்கும் பால்மரத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். கட்டிய பிறகு எடுப்பது செலவும் ஆபத்தும்.

டுரியான் (கனத்த முள்பழம் காய்க்கும்) மரத்தடியில் கூரை போகக் கூடாது. செம்பனைக்குப் பக்கத்தில் மட்டையும் குலையும் விழும் தூரத்தைத் தாண்டி வையுங்கள். எலி செம்பனைக்கு வரும், எலிக்குப் பின்னால் நாகமும் மலைப்பாம்பும் வரும். அதனால் குடிலைச் சுற்றி 10 அடி புல் குட்டையாக இருக்கட்டும்.

மேற்கு நிழலுக்கு உடனடியாக வாழை, நிலைத்த நிழலுக்குப் பலா அல்லது ரம்புத்தான். இப்போதே நடுங்கள். கட்டி முடிக்கும்போது வாழை ஆளுயரம் தாண்டியிருக்கும்.

5. கூரையை முதலில் வரையுங்கள்

அறையை வரைந்து அதற்குத் தொப்பி போடுவது போலக் கூரை வைப்பதுதான் புதியவர்களின் வழக்கம். இங்கே மழையும் வெயிலும் கூரையில்தான் விழுகின்றன. கூரை சரியானால் சுவர் பாதியாக இருந்தாலும் குடில் வாழும்.

முகடு கிழக்கு மேற்காக ஓடட்டும். சாய்வு 30 பாகை. இறவாரம் நான்கு பக்கமும் 4 அடி. அப்படியானால் கூரை 20க்கு 24 அடி நிலத்தை மூடும். 192 சதுர அடிக் குடிலுக்கு 480 சதுர அடிக் கூரை என்றதும் பயந்து, காசு மிச்சம் என்று இறவாரத்தை 2 அடியாக்குவார்கள். சாரல் பலகையின் அடிப்பாகத்தை நனைத்துக்கொண்டே இருக்கும், அழுகல் அங்கிருந்துதான் ஏறும்.

ஒரு கணக்கை மறக்காதீர்கள். 30 பாகைச் சாய்வில் 4 அடி வெளியே நீண்டால் இறவாரத்தின் நுனி 2 அடி 4 அங்குலம் கீழே இறங்கும். சுவர் 8½ அடி என்றால் நுனி தரைப்பலகையிலிருந்து 6 அடி 2 அங்குலத்தில் நிற்கும். நெட்டையானவர் அஞ்சடியில் நின்றால் தலை இடிக்கும். சுவரை 9 அடியாக்குங்கள், அல்லது அஞ்சடிப் பக்கம் மட்டும் சாய்வைக் குறையுங்கள். இதைத் தாளில் பார்த்துவிட்டால் ஒரு ரப்பரால் அழித்துத் திருத்தலாம்.

4 அடி இறவாரம் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. கைமரத்தை ஆணியால் மட்டும் உத்திரத்தில் அறைந்தால் போதாது. ஒவ்வொரு கைமரத்துக்கும் இரும்புப் பட்டை போட்டு உத்திரத்தோடும், உத்திரத்தைப் போல்ட்டு போட்டுத் தூணோடும் பிணைக்க வேண்டும். சுவரிலிருந்து இறவாரத்துக்குச் சாய்வாக முட்டுச் சட்டமும் கொடுங்கள்.

தகரம் மழையில் இரையும், வெயிலில் எரியும். தகரத்துக்கு அடியில் பளபளப்பான காப்புத் தாளும் அதற்கடியில் மெல்லிய பலகையும் போட்டால் இரண்டும் அடங்கும். ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை குளிர்ச்சியும் அமைதியும் தரும், ஆனால் சில வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீக்கும் பயம். மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன். முகட்டுக்கு இரு முனையிலும் கீழ்நோக்கிச் சாய்த்த பலகைகளால் காற்றுவழி வைத்து, உள்ளே வலை அடியுங்கள். சூடு மேலே போய் வெளியேறும், வௌவால் உள்ளே வராது.

6. அறையும் ஜன்னலும்

யூபிபிஎல் என்று சொல்லப்படும் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 2.5 மீட்டர் வேண்டும், ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது இருக்க வேண்டும், அதில் காற்று தடையின்றிப் போகும் திறப்பு 5 விழுக்காடு. நம் குடிலின் தரை 17.8 சதுர மீட்டர், ஆக ஜன்னல் சுமார் 19 சதுர அடி. இது குறைந்தபட்சம்தான். நான் இரண்டு மடங்கு வைப்பேன், வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக. ஒரு பக்கம் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று வெளியேற எதிரே வழி இல்லையென்றால் உள்ளே வராது.

கிழக்கே ஒரு சின்ன ஜன்னல், உட்கார்ந்த கண்மட்டத்தில். காலையில் தித்திவாங்சா மலைமேல் பனி விலகுவதை அங்கிருந்து பார்க்கலாம், அந்த வெயில் சுடாது.

7. மூலை பிடிக்க 12, 16, 20

12க்கு 16 என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதன் மூலைவிட்டம் சரியாக 20 அடி. கயிறு கட்டி இரண்டு மூலைவிட்டமும் 20 அடி வந்தால் நான்கு மூலையும் செங்கோணம், வேறு கருவி வேண்டாம். ஓர் அங்குலம் பிசகினாலும் குச்சியை நகர்த்துங்கள். இங்கே விட்ட அங்குலம் கூரைத் தகரத்தில் கோணலாகத் தெரியும். சரிவில் நாடாவை நிலத்தோடு படுக்க வைத்து அளப்பது பலர் செய்யும் பிழை. டியூபில் தண்ணீர் மட்டம் பார்த்து, நாடாவைக் கிடைமட்டமாக இழுத்துத்தான் அளக்க வேண்டும்.

8. அடிக்கல், தூண், கரையான்

மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு தூண், மொத்தம் 12. ஒன்பதில் முடிக்கலாம் என்பார்கள். முடிக்கலாம்தான், நடந்தால் தரை துள்ளும்.

ஒவ்வொரு தூணுக்கும் 2 அடிக்கு 2 அடி குழி, கெட்டி மண் தட்டும் வரை, குறைந்தது 2 அடி ஆழம். பழைய பால்மரக் கட்டை குழிக்கருகே இருந்தால் வேரோடு எடுங்கள். பூமிக்கடியில் விட்ட கட்டைதான் கரையானின் சாப்பாடு, அது தீர்ந்ததும் உங்கள் தூணுக்கு வரும். செம்பனை அடிமரம் இருந்த இடத்தில் தூண் நிறுத்தவே கூடாது. வேர்க்கட்டு மக்கியதும் மண் உள்வாங்கும், தூணும் இறங்கும்.

சிமெண்டுக் கல் நிலத்துக்கு மேல் 8 அங்குலமாவது தெரிய வேண்டும். அதில் இரும்புச் செருப்பைப் பதித்து மரத்தூணை அதன்மேல் நிறுத்துங்கள். மரம் மண்ணையும் தொடக் கூடாது, சிமெண்டின் ஈரத்திலும் உட்காரக் கூடாது. கல்லுக்கும் தூணுக்கும் நடுவே தகரத் தொப்பி, நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீண்டு கீழ்நோக்கி மடிந்தது. இந்தத் தொப்பி கரையானைக் கொல்லாது, முழுசாகத் தடுக்கவும் செய்யாது. அதைச் சுற்றி வெளிப்பக்கமாக மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். பென்சில் தடிமனில் அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும், நகத்தால் உடைத்தால் உள்ளே கரையான் வெள்ளையாக ஓடும். பார்ப்பதற்கு ஆள் குனிந்து போக முடியவேண்டும், அதனால் தரை 3 அடி உயரம்.

ஒரு குடிலில் மீந்த பலகைகளை "பிறகு உதவும்" என்று தரைக்கடியில் அடுக்கி வைத்தோம். நான்கே மாதத்தில் கரையான் அந்த அடுக்கின் வழியாகத் தரைச் சட்டத்தைத் தொட்டுவிட்டது. தொப்பி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தரைக்கடியில் எதையும் வைக்காதீர்கள், விறகு கூட.

9. மரம் வாங்குவது

தூணுக்கும் கீழ் உத்திரத்துக்கும் செங்கால் அல்லது பாலாவ், இரண்டும் கெட்டி மரம். கெம்பாஸ் என்றால் மருந்து ஏற்றியதாக இருக்கட்டும். சுவருக்கும் உள்வேலைக்கும் மெராந்தி போதும். பால்மரப் பலகை நம் நிலத்திலேயே கிடைக்கிறதே என்று வெளியே போடாதீர்கள். மேசை நாற்காலிக்கு அருமையான மரம், மழை நனையும் இடத்தில் பூஞ்சையும் வண்டும் பிடிக்கும்.

மரக்கடையில் கணக்கு டன்னில் போகும், ஒரு டன் 50 கன அடி. 2க்கு 6 சட்டம் 12 அடி நீளத்தில் சரியாக 1 கன அடி. தரைச் சட்டம் 16 அங்குல இடைவெளியில் 13 வேண்டும், ஆக 13 கன அடி. இப்படி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு போனால் கடையில் திணற வேண்டாம்.

பழைய லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) இடிக்கும்போது நல்ல செங்கால் தூண்கள் கிடைக்கும். காய்ந்து இறுகிய மரம், இனி முறுக்காது. ஆணியெல்லாம் பிடுங்கி, நுனியைச் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். கணீர் என்றால் எடுங்கள், பொத்தென்றால் விடுங்கள். புதுப் பலகையை நிழலில், இடையிடையே சட்டம் வைத்து, இரண்டு மூன்று மாதம் காற்றாட அடுக்குங்கள். பச்சையாக அறைந்தால் காய்ந்ததும் இடைவெளி விடும்.

10. கட்டும் வரிசை

அடிக்கல், தூண், உத்திரம், உடனே கூரை. தகரம் ஏறிய பிறகுதான் தரைப்பலகை, கடைசியில் சுவர். தரையை முதலில் போட்டால் நடந்து வேலை செய்ய வசதி என்பது உண்மை, ஆனால் பத்து நாள் மழையில் அந்தப் பலகை ஓரம் தூக்கிக்கொள்ளும். வேலை நடக்கும்வரை தற்காலிகப் பலகைகளைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். சுவர் எழுமுன் தூண்களுக்கிடையே குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காற்றில் முழுக்கூடும் சாயும்.

11. கூரைத் தண்ணீரும் கழிவும்

1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். நம் கூரை ஏறத்தாழ 44 சதுர மீட்டர். ஒரு மாலை 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,200 லிட்டர் கீழே வரும். அதைச் சிவப்புக் குச்சித் தடத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள், புதுத் தடம் உண்டாக்காதீர்கள்.

பால்மரம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இலை கொட்டும். நான்கு பக்கமும் பீலி (கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால்) வைத்தால் ஏணியும் கையுமாக நிற்க வேண்டும், அடைத்த பீலியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நான் ஒரு பக்கம் மட்டும் பீலி வைத்துத் தொட்டிக்கு விடுவேன், தொட்டி வாய்க்கு நெருக்கமான வலை. மறுபக்கம் பீலியே இல்லை. தண்ணீர் சொட்டும் கோட்டில் 2 அடி அகலத்துக்குக் கருங்கல் சல்லி கொட்டினால் மண் குழியாது, சேறு சுவருக்குத் தெறிக்காது.

கழிவறை தனியாக, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, பள்ளத்துப் பக்கம். வெறுங்குழி வேண்டாம், ஊராட்சி ஒப்புக்கொள்ளும் கழிவுத்தொட்டி வையுங்கள்.

12. முதல் மழைக்காலம் முடிந்ததும்

ஒரு காலை முழுவதும் ஒதுக்குங்கள். கைவிளக்கோடு தரைக்கடியில் போய் 12 தொப்பிகளையும் சுற்றிப் பாருங்கள். சல்லிக் கோட்டில் தண்ணீர் எங்கே பறித்திருக்கிறது, மேட்டுப் பக்கக் கல்லில் மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வாரிவிடுங்கள். மண் தொப்பி வரை ஏறிவிட்டால் தொப்பி வைத்ததில் பயனில்லை.

பிறகு மேலே ஏறிப் போல்ட்டுகளை இறுக்குங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், நட்டு அரைச்சுற்று முக்கால்சுற்று தாராளமாக உள்ளே போகும். மேற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், அங்கேதான் அதிகம் தளர்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை.